மீனம்பாக்கத்தில் தொடங்கும் தாய்லாந்து

தாய்லாந்தின் எல்லை மீனம்பாக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரவு பாங்காக் விமானத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் இதைச் செக்-இன் கவுன்ட்டரில் தெரிந்துகொள்கிறார்கள். "ரிட்டர்ன் டிக்கெட் இருக்கா சார்? ஹோட்டல் புக்கிங்? டி.டி.ஏ.சி போட்டாச்சா?" முதல் இரண்டும் பழைய கேள்விகள். மூன்றாவது 2025 மே மாதம் சேர்ந்தது. தாய்லாந்துக்குப் போகும் வெளிநாட்டவர் எல்லோரும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை அது. கேள்விப்படாமலே விமான நிலையம் வரை வந்துவிட்ட குடும்பங்கள் ஓரமாக ஒதுங்கி, தள்ளுவண்டி மேல் பெட்டியைச் சாய்த்துவைத்து, செல்பேசியில் நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இதுல மாவட்டம் கேக்குது. பாங்காக்குக்கு என்ன மாவட்டம்னு போடறதுங்க?" ஹோட்டல் முகவரியைத் தேடிப் பிடித்து, மாகாணம், மாவட்டம், அதற்குள் இன்னொரு உட்பிரிவு என்று மூன்றையும் தேர்ந்தெடுத்தோம். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டிருந்தது.

இந்த விசாரணையை விமான நிறுவனத்துப் பெண் ஏன் செய்ய வேண்டும்? தகுந்த காகிதம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால் பல நாடுகள் அந்த நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. திருப்பி அனுப்பப்படும் ஆளை ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பும் அதன் தலையில்தான். அதனால் கவுன்ட்டரில் இருப்பவர் பாஸ்போர்ட் விவரத்தைத் தட்டி, 'டிமேட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்க்கிறார். எந்த நாட்டுக் குடிமகன் எந்த நாட்டுக்குள் என்ன காகிதத்தோடு போகலாம் என்று சொல்லும் பெரிய அகராதி அது. உலக விமான நிறுவனங்களின் சங்கமான அயாட்டா நடத்துகிறது. அதில் 'கூடாது' என்று வந்தால் போர்டிங் பாஸ் கிடைக்காது. தாய்லாந்து அதிகாரி ஒருவரையும் பார்க்காமலேயே தாய்லாந்து உங்களை மறுத்துவிடும். சில ஊர்களில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. கரீபியக் கடலின் அரூபா தீவிலும் பஹாமாஸின் நாசோவிலும் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுச் சோதனையைத் தீவிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள்.

தென்கிழக்காசியாவிலும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் சுற்றியதில் எனக்குப் பட்டது இதுதான்: சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நாடுகள் விமான நிலையச் சோதனையைச் சுருக்கிவிட்டதாக விளம்பரம் செய்கின்றன. சுருங்கியது நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. மீதி நம் செல்பேசிக்குள்ளும், ஊரில் விமானம் ஏறும் இடத்துக்கும், பின்னறைக்கும் இடம் மாறியிருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் ஒருவர் சிரித்த முகத்தோடு பன்னீர் தெளிப்பார்; அவருக்குப் பின்னால் நிற்கும் தாய்மாமன், வருகிறவர் யார் வீட்டு ஆள் என்று கண்ணாலேயே கணக்கெடுத்துக்கொண்டிருப்பார். இந்த ஊர்களின் விமான நிலையங்களும் அப்படித்தான்.

தாய்லாந்து இந்தக் கலையில் கைதேர்ந்த நாடு. பழைய பயணிகளுக்கு டி.எம்.6 அட்டை நினைவிருக்கும். விமானத்திலேயே கொடுப்பார்கள், பேனா வைத்திருப்பவர் அந்த வரிசைக்கே வள்ளல். வருகைக்கு ஒரு பாதி, புறப்பாட்டுக்கு ஒரு பாதி. புறப்பாட்டுப் பாதியைப் பாஸ்போர்ட்டோடு பின் அடித்துத் தருவார்கள். அதைத் தொலைத்தால் திரும்பும்போது தொல்லை. அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டு வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்டிருந்தார்கள். எல்லைக் காவலுக்கு அது எதற்கு? கேட்டது சுற்றுலாத் துறையின் ஆவல் என்றுதான் எனக்குத் தோன்றியது. கோவிட்டுக்குப் பிறகு, 2022இல் விமானப் பயணிகளுக்கு அந்த அட்டையை நிறுத்திவைத்தார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது. பிறகு அதே அட்டை மின்வடிவில் திரும்பி வந்தது. நிரப்பும் நேரமும் பேனா தேடும் தவிப்பும் இப்போது நம் வீட்டுக் கணக்கில். வரிசை குறைந்த பெருமை விமான நிலையத்துக்கு.

அந்த நாடு யாருக்காக எப்போது கதவைத் தளர்த்தியது என்று பார்த்தால் அதன் வணிகக் கணக்கு புரியும். 2018 ஜூலையில் புக்கெட் கடலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். சீனர்களின் வருகை சரிந்தது. உடனே முக்கிய விமான நிலையங்களில் சீனப் பயணிகளுக்கென்று தனி வரிசைகள் திறந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், இந்தியா உட்பட 21 நாட்டவருக்கு வந்திறங்கியதும் வாங்கும் விசாவின் 2,000 பாட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். தற்காலிகம் என்று அறிவித்த அந்தச் சலுகை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. தீபாவளித் தள்ளுபடியைப் பொங்கல் வரைக்கும் ஓட்டுகிற தி.நகர்க் கடைக்காரர் இதில் வியக்க ஒன்றும் காணமாட்டார்.

கோவிட் வந்தபோது இந்தக் கணக்கு அப்பட்டமாகவே தெரிந்தது. 2019இல் தாய்லாந்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 4 கோடிப் பேர். 2021இல் வந்தவர்கள் சுமார் 4.3 லட்சம்தான். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி 'புக்கெட் சாண்ட்பாக்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார்கள். தடுப்பூசி போட்ட வெளிநாட்டவர் அறைக்குள் அடைபடாமல் தீவு முழுக்கச் சுற்றலாம். ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போக முதலில் 14 இரவுகள் தீவில் தங்கியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஹோட்டல், முன்பணம் கட்டிய பரிசோதனைகள், கைபேசியில் செயலி. ஒரு தீவே விமான நிலையக் காத்திருப்புக் கூடமாகிவிட்டது. கடல் பார்த்த அறை என்பதால் யாரும் அதைக் காத்திருப்பு என்று சொல்லவில்லை.

பிறகு 2023 செப்டம்பர் 25. சீனர்களுக்கு விசா வேண்டாம் என்ற அறிவிப்பு நடைமுறைக்கு வந்த அன்று, அப்போதைய பிரதமர் ஸ்ரேத்தா தவிசின் தாமே சுவர்ணபூமி விமான நிலையத்துக்குப் போய் வந்திறங்கியவர்களை வரவேற்றார். நவம்பர் 10ஆம் தேதி அந்தச் சலுகை இந்தியர்களுக்கும் வந்தது. முதலில் 30 நாள். 2024 ஜூலை 15இலிருந்து அதை 93 நாட்டவருக்கு 60 நாளாக்கினார்கள். அதற்கு முன்பு இந்தியர்கள் விசா கவுன்ட்டரில் போட்டோவும் 2,000 பாட்டும் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற அந்த நீண்ட வரிசை காணாமல் போனது. 2024இல் போன இந்தியர்கள் 21 லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டே, 60 நாள் அதிகமோ, சுற்றுலா என்று வந்து சட்டவிரோதமாகத் தொழில் செய்கிறார்களோ என்று தாய்லாந்திலேயே பேச்சு எழுந்தது. இந்தக் கதவு திறந்திருக்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். போன தடவை போன அனுபவத்தை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது.

சுவர்ணபூமியிலிருந்து புறப்படும்போது இன்னொரு வேறுபாடு கண்ணில் படும். 2023 டிசம்பரிலிருந்து சிப் பொருத்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டவர் தானியங்கிக் கதவு வழியாக வெளியேறலாம். ஐரோப்பியர்களும் ஜப்பானியர்களும் பாஸ்போர்ட்டை வைத்து, கேமராவைப் பார்த்து, போய்க்கொண்டே இருக்கிறார்கள். சிப் இல்லாத நீல நிறப் புத்தகத்தோடு நம்மவர்கள் அதிகாரி முன்னால் நிற்கிறார்கள். உள்ளே போனதும் பாற்கடலைக் கடையும் தேவர்களும் அசுரர்களும் பிரம்மாண்டச் சிற்பமாக நிற்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாகப் படம் எடுத்துக்கொள்கிறோம் என்பது வேறு. சென்னையிலும் 2025இலிருந்து சிப் பாஸ்போர்ட் தரத் தொடங்கிவிட்டார்கள். முன்னட்டையில் சிறிய பொன்னிறச் சின்னம் இருந்தால் அதுதான். கையில் இருக்கும் பழைய புத்தகம் காலாவதியாகும்வரை செல்லும் என்பதால், நம் வரிசை சுருங்கச் சில ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அது தமிழ்நாட்டு வீடுகளைத் தொட்ட ஒன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்கள். 2022 அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். சுற்றுலாப் பயணிக்குத் திறந்த வழியைத்தான் கடத்தல்காரர்களும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் இன்று தனியாக பாங்காக் போகும் இளைஞனை நம் ஊர் இமிக்ரேஷன் அதிகாரி நிறுத்தி, "என்ன வேலை தம்பி பண்றீங்க? டிக்கெட் யார் போட்டுக் கொடுத்தாங்க?" என்று துருவுகிறார். அந்தக் கேள்விகள் எரிச்சலூட்டும். ஆனால், அந்த நாடு கேட்காமல் விட்ட கேள்வியை நம் நாடு கேட்கிறது. எரிச்சலை அடக்கிக்கொண்டு பதில் சொல்வதே சரி.

மலேசியா தாய்லாந்தைப் பார்த்துச் செய்தது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு, கூடவே எம்.டி.ஏ.சி என்ற இணைய வருகை அட்டை. விசா இல்லை என்றால் கேள்வி இல்லை என்று நினைப்பவர்கள் கோலாலம்பூரில்தான் ஏமாறுகிறார்கள். தங்கும் இடம், திரும்பும் டிக்கெட், கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட முடியாதவர்களுக்கு உள்ளே நுழைய மறுக்கும் ஆணை கிடைக்கும். அடுத்த விமானம் வரை ஓர் அறையில் காத்திருப்பு. அங்கே தமிழ் பேசும் அதிகாரி எதிர்ப்பட்டால் சிலர் உடனே உறவு கொண்டாடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர் மலேசியாவின் அதிகாரி என்பதை மறந்துவிட வேண்டாம்.

பாலி வேறு மாதிரி ஊர். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறிப் போகிறார்கள். பாலியின் டென்பசார் விமான நிலையத்தின் பெயர் ஙுரா ராய். டச்சுப் படையோடு போரிட்டு 1946இல் மடிந்த ஐ குஸ்தி ஙுரா ராயின் பெயர் அது. வெளிநாட்டவரை எதிர்த்து உயிர்விட்டவரின் பெயரில், வெளிநாட்டவரை வரவேற்கவே வாழும் நிலையம்! இந்தோனேசியா 2016இல் 169 நாட்டவருக்குக் கட்டணமில்லா நுழைவு தந்திருந்தது. கோவிட்டோடு அது நின்றது. பிறகு திரும்பி வரவில்லை. அண்டை ஆசியான் நாட்டவருக்கு இலவசம். நாமும் ஆஸ்திரேலியர்களும் ஐரோப்பியர்களும் 5,00,000 ரூபியா கட்டி 30 நாள் விசா வாங்குகிறோம். தாய்லாந்து விட்டுக்கொடுத்த பணத்தை பாலி ஏன் விடவில்லை? அதற்குக் கூட்டம் தேவையில்லை. அளவு மிஞ்சிய கூட்டம்தான் அதன் தலைவலி.

பணத்தைத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. நேரத்தை விட்டுக்கொடுத்தார்கள். முன்பு இரண்டு வரிசைகள்: விசாவுக்குப் பணம் கட்ட ஒன்று, முத்திரைக்கு ஒன்று. பிறகு சுங்கப் படிவம். 2022 இறுதியில் அந்த விசாவை வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கும் வசதி வந்தது. மின்விசாவும் சிப் பாஸ்போர்ட்டும் இருந்தால் தானியங்கிக் கதவுக்குப் போகலாம். கைக்குழந்தையோடு வருபவர்கள் கவுன்ட்டருக்கே போக வேண்டும்.  2025 அக்டோபரில் இமிக்ரேஷன், சுங்கம், சுகாதாரம், தாவர, விலங்கு நோய்த் தடுப்பு ஆகிய நான்கு துறைகளின் படிவங்களையும் 'ஆல் இந்தோனேசியா' என்ற ஒரே இணையப் படிவமாக நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். நான்கு துறைகள் ஒரே காகிதத்துக்குச் சம்மதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இவற்றுக்கு மேல் பாலி மாகாணம் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 1,50,000 ரூபியா கட்ட வேண்டும். தீவின் பண்பாட்டையும் சூழலையும் காக்க. இதை இமிக்ரேஷன் அதிகாரி வசூலிப்பதில்லை. அவர் மைய அரசின் ஆள்; வரி மாகாணத்துடையது. இரண்டுக்கும் நடுவில் பயணி வெளியே நடந்துபோய்விடுகிறார். முதல் ஆண்டில் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே கட்டினார்கள். விமான நிலையத்தில் கையடக்கக் கருவியோடு நிற்பவர்கள் சிலரைக் கேட்கிறார்கள், பலரை விட்டுவிடுகிறார்கள். கறாராக நிறுத்தினால் வரிசை நீளும், வரிசை நீண்டால் ஊருக்குக் கெட்ட பெயர். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டியவர் ஏமாளி ஆகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை.

2023இல் வெளிநாட்டவர் சிலர் புனித இடங்களில் ஆடையின்றிப் படமெடுத்து நாடு கடத்தப்பட்ட பிறகு, எது செய்யலாம் எது கூடாது என்று அச்சிட்ட அட்டையை வந்திறங்குபவர்களுக்குத் தந்தார்கள். கோயிலுக்குள் மரியாதையான உடை, புனித மரங்களில் ஏறாமை, உரிமம் உள்ள இடத்தில் பணம் மாற்றுவது என்று அதில் பட்டியல் இருந்தது. இதையெல்லாம் அச்சிட்டுத் தர வேண்டிய நிலைமைதான் வருத்தம். அதே பாலி ஆண்டுக்கு ஒரு நாள், அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பான நியேபி அன்று, விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுகிறது. ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. பயணிகள் ஹோட்டலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். உலகின் பெரிய சுற்றுலாத் தீவுகளில் வேறெங்கும் இந்தத் துணிச்சலை நான் கண்டதில்லை. அந்த ஒரு நாளுக்காகவே பாலி மேல் எனக்கு மதிப்பு.

மாலத்தீவைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் இலவச விசா. பொதுவாக 30 நாள், இந்தியர்களுக்கு ஒப்பந்தப்படி 90 நாள். வருவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' படிவம் நிரப்ப வேண்டும். வேலானா விமான நிலையத்தில் முத்திரை குத்துபவர் சிரிப்பார்; கறார் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் சுங்க எக்ஸ்ரேயில். மதுப்புட்டியை எடுத்து வைத்துக்கொண்டு சீட்டு தருவார்கள், புறப்படும்போது திருப்பித் தருவார்கள். பன்றி இறைச்சிக்கும் வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை. ரிசார்ட் தீவுக்குப் போனால் மது தாராளம். மக்கள் வாழும் தீவுக்கும் விருந்தினர் தீவுக்கும் நடுவே கோடு போட்டதால், அந்த நாட்டுக்கு ஏறக்குறைய எல்லோரையும் முன்கூட்டிய விசா இல்லாமல் உள்ளே விட முடிகிறது. பணத்தையோ போகும்போது வாங்குகிறார்கள்: 2024 டிசம்பர் முதல் வெளிநாட்டவரின் புறப்பாட்டு வரி சாதாரண வகுப்புக்கே 50 டாலர், அதே அளவு விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் தனி. டிக்கெட் விலையில் கலந்துவிடுவதால் யாருக்கும் வலிப்பதில்லை.

சோதனையை இணையத்துக்கு மாற்றுவது என்றால் அதை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியும் வரும். இலங்கை அதில் சுட்டுக்கொண்டது. 2012 முதல் அரசே நடத்திவந்த இ.டி.ஏ என்ற இணையப் பயண அனுமதி முறையை விட்டு, 2024 ஏப்ரலில் வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் மின்விசாப் பணியைக் கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் ஏறியது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே ஒருவர், நம் நாட்டு விசாவை வெளிநாட்டு நிறுவனம் ஏன் கொடுக்கிறது என்று உரக்கக் கேட்ட காணொளி தீவு முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. உத்தரவை நடைமுறைப்படுத்தாததற்காகக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் தலைவரே செப்டம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். பழைய இ.டி.ஏ திரும்பி வந்தது. ஒரு படிவத்துக்காக ஒரு துறைத் தலைவர் சிறை போன கதை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வசதியில் முதலிடம் சிங்கப்பூருக்கே. முத்திரை குத்துவதை அவர்கள் முன்பே விட்டுவிட்டார்கள். அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. 2024 முதல் சாங்கியில் வெளிநாட்டவரும் தானியங்கி வழியில் நுழையலாம். திரும்பும்போது முகமும் கண்ணும் போதும், பாஸ்போர்ட்டை எடுக்கவே வேண்டாம். சர்வதேச சிவில் விமான அமைப்பு, வந்திறங்கும் பயணியை 45 நிமிடத்துக்குள் எல்லாச் சோதனையும் முடித்து வெளியே அனுப்பப் பரிந்துரைக்கிறது. சாங்கியில் அதற்குள் நீங்கள் டாக்சியில் ஏறி ஊருக்குள் போயிருப்பீர்கள். ஆனால் நம் முகமும் கருவிழியும் இன்னொரு அரசின் கணினியில் இருப்பதைப் பற்றி அந்த வேகத்தில் யாருக்கும் யோசிக்கத் தோன்றுவதில்லை.

எதிர்த் திசையில் போனது ஐரோப்பா. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் வெளிநாட்டுப் பயணிகளின் கைரேகையையும் முகத்தையும் பதியத் தொடங்கின. ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற விடுமுறை நாடுகளில் மணிக்கணக்கில் வரிசை. லிஸ்பனில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அந்தப் பதிவை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். எல்லை விதியை பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியம் எழுதுகிறது. வெயிலில் காய்ந்து வந்த பயணியின் கோபத்தைக் கடற்கரை ஊர் வாங்கிக்கொள்கிறது.

இனிப் புறப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்லாந்தின் டி.டி.ஏ.சி, மலேசியாவின் எம்.டி.ஏ.சி, மாலத்தீவின் இமுகா, சிங்கப்பூரின் வருகை அட்டை, ஆல் இந்தோனேசியா: இந்த ஐந்து படிவங்களுக்கும் அந்தந்த அரசுகள் ஒரு காசுகூட வாங்குவதில்லை. தேடியதும் மேலே வந்து நிற்கும் பக்கம் கடன் அட்டை எண் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. மூடிவிட்டு, அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் இருக்கும் இணைப்பைத் தொட்டு நிரப்புங்கள். வந்த க்யூஆர் குறியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; முடிந்தால் தெருமுனைக் கடையில் ஒரு பிரிண்ட்டும் எடுத்துவிடுங்கள். விமான நிலைய வைஃபையை நம்பாதீர்கள்.